தொரசானியின் தோல் பை

போன செவ்வாய்க்கிழமை ஒருத்தியை என் வாயாலேயே திருடி ஆக்கிவிட்டேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற காலை பஸ். மூட்டை, கூடை, ஆள் எல்லாம் ஏறியாயிற்று. எனக்கு நிற்கத்தான் இடம். வண்டி கிளம்புகிற நேரத்தில் ஏறினாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்! வெள்ளைக்காரன் கப்பலேறிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது... நம் பஸ்ஸில் ஒரு வெள்ளை முகம் என்றால் சும்மாவா? மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

நான் என் இங்கிலீஷை எடுத்துவிட்டேன். ஸ்வீடன் தேசத்து டீச்சராம், பெயர் இங்க்ரிட். தனியாக ஊர் சுற்றுகிறாள். விழுப்புரத்தில் ரயில் பிடிக்க வேண்டும். தோளில் தோல் பை. பாஸ்போர்ட், ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட் எல்லாம் அதற்குள்தான். "பையை யாரிடமும் கொடுக்காதே, யாராவது தொட்டால் கத்து" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கூட்டம் அவளை முன்னே தள்ளிக்கொண்டு போய்ப் பெண்கள் சீட் அருகே நிறுத்தியது. வண்டி ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை —

"தீஃப்! தீஃப்!"

எட்டிப் பார்த்தேன். தோல் பையின் வாரை ஒரு கறுத்த கை இழுக்கிறது. இங்க்ரிட் விடாமல் பிடித்திருக்கிறாள். நான் பார்த்தது அவ்வளவுதான். பஸ்ஸில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருத்தன் அல்லவா? தொண்டை கிழியக் கத்தினேன்: "திருடி! பையப் புடுங்குறா, புடிங்க!"

கண்டக்டர் விசில் ஊத, பஸ் குலுங்கி நின்றது. "எறக்குய்யா அவள!" என்று ஒரு குரல். "ஸ்டேஷனுக்கு வுடு வண்டிய!" என்று இன்னொன்று.

அந்தக் கை அஞ்சலையுடையது. மயிலம் பக்கம் கொல்லையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போகிறவள். அவளை வேலைக்குக் கூட்டிப் போகிற மேஸ்திரியும் அதே பஸ்ஸில் இருந்தார்.

"உன்னால எனக்குப் பேஜாரு. எறங்கிக்க. நாளையிலேர்ந்து வேலைக்கு வராத" என்றார்.

விசாரணை இல்லை, ஒன்றுமில்லை. ஒரு நிமிஷத்தில் ஒருத்தியின் பிழைப்பு போயிற்று!

அஞ்சலை அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. எப்படி எழுந்திருப்பாள்? மடியில் ஒரு மஞ்சள் பை, ஒரு டிபன் கேரியர், போதாததற்கு யார் பெற்றதோ ஒரு குழந்தை!

"இதெல்லாம் என்னுதா? கேட்டுப் பாருங்க! தொரசானியம்மா நின்னுக்கினு கஷ்டப்பட்டாங்க. பையக் குடுங்க, மடியில வெச்சிக்கினு வர்றேன்னு வாங்கப் போனேன். அது தப்பா?"



நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது நம் ஊர் பஸ்ஸில் தினம் நடப்பது. நாம் கேட்பதுகூட இல்லை, வாங்கிவிடுவோம். இங்க்ரிட்டுக்கு இது தெரியாது, மன்னிக்கலாம். எனக்கு? அந்த நிமிஷம் என் பையே முன்பின் தெரியாத ஒருவர் மடியில்தான் இருந்தது! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

முட்டி மோதி முன்னே போய் இங்க்ரிட்டுக்கு விளக்கினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸாரி... ஸாரி" என்றாள் மெதுவாக. மேஸ்திரியும் "சரி சரி, வேலைக்கு வா" என்று இறங்கி வந்தார்.

அஞ்சலை விடவில்லை. "கத்துனது மொத்த வண்டிக்கும் கேட்டுச்சு. இதுவும் கேக்கட்டும். நம்ம பாஷையில சொல்லச் சொல்லுங்க சார்!"

நியாயம்தானே? நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன். இங்க்ரிட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூவினாள்: "இந்த அம்மா திருடி இல்லே!"

ஆஹா, என்ன கைதட்டல்! அவளே தோல் பையைக் கழற்றி, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டுமாக அஞ்சலையிடம் கொடுத்தாள்.

வெளிநாடு போகிற வாசகர்களே, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுச் சந்துக்குள் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். ஆனால் அவர் என்னைப் போல அவசரக்குடுக்கையாக இருந்தால்?

அப்பாடா என்று நகரப் பார்த்தேன்.

"நில்லுங்க சார்" என்றாள் அஞ்சலை. "அவங்க கத்துனது இங்க யாருக்கும் புரியல. நீங்க கத்துனதுதான் புரிஞ்சிது."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் கூவினேன். கைதட்டத்தான் ஆள் இல்லை!