ரோஸ்லின் கைக்கு வராத பந்து

ரோஸ்லின் குபியாக் இந்த ஜனவரி வரைக்கும் ஒரு ஓவர்டைம் ஆட்டம் கூட கண்ணால பார்த்ததில்லை! அமெரிக்காவுல பஃபலோ நகரத்துல பொறந்து, பஃபலோவுலயே வளர்ந்து, குளியலறைத் திரையைக் கூட எங்க டீம் நிறத்துல தேடி வாங்கின பொம்பளை அவங்க. இதை யார்கிட்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அதான் மறக்கறதுக்கு முன்னாடி எழுதிடறேன்.

அவங்களுக்கு வயசு அம்பத்தி மூணு. ஸ்கூல் சாப்பாட்டுக்கூடத்துல சமையல். கீழ்வீட்ல அவங்களும் அவங்க அப்பா கீனும் இருக்காங்க, மாடில நான் வாடகைக்கு. கீன் இரும்பு ஆலையில உழைச்ச ஆளு. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சு பாதிதான் வரும், திட்டு மட்டும் முழுசா வரும். என் பேரு அவர் வாயில நுழையல. "மாடிவீடு"ன்னுதான் கூப்பிடுவார்.

நம்ம வீடுகள்ல கிரிக்கெட் பாக்கும்போது "எந்திரிக்காத, விக்கெட் போயிடும்"னு சொல்லுவாங்கல்ல? இந்த ஊர்ல அது விளையாட்டுப் பேச்சு இல்ல, சட்டம். டீம் நல்லா ஆடிட்டு இருந்தா உக்காந்த இடத்தை விட்டு யாரும் அசையக் கூடாது. ஜெயிச்ச அன்னைக்குப் போட்ட சட்டையைத் துவைக்கக் கூடாது. நானும் துவைக்கறதில்ல, அதை விடுங்க. கீன் வீட்ல இன்னொரு சட்டமும் உண்டு. எப்பவோ ஒரு ஓவர்டைம்ல ரோஸ்லின் நிலவறையில இருந்து துணிக்கூடையோட மேல ஏறி வந்தாங்களாம். அவங்க தலை கதவுல தெரிஞ்ச அதே நேரம் எங்க ஆளு பந்தைக் கீழ விட்டுட்டான். அன்னையில இருந்து ஓவர்டைம்னா ரோஸ்லின் நிலவறையில. மேல் படில கதவைச் சாத்தி கொக்கி போட்டுடுவாங்க. கீழ வாஷிங் மிஷின், பாய்லர், பழைய பெயின்ட் டப்பா. ஆட்டம் அவங்களுக்கு வெறும் சத்தம்தான். மேல முனகல் கேட்டு, நாற்காலி நகர்ற சத்தமும் கேட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு அர்த்தம்.

இப்ப அந்த ரூலை ஒரு தடவை சொல்லிடறேன், ஏன்னா எல்லாமே அதுலதான் இருக்கு. இது கையில பந்தைத் தூக்கிட்டு ஓடுற ஃபுட்பால். ஆட்டம் சமமா முடிஞ்சா காசு சுண்டுவாங்க. டாஸ் ஜெயிச்சவன் பந்தை எடுத்துப்பான். முன்னாடி எல்லாம் அவன் முதல் தடவையே ஓடிப் போய் எதிராளி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுட்டா ஆட்டம் அவ்வளவுதான். இன்னொரு டீம் பந்தைத் தொடவே இல்லாம வீட்டுக்குப் போகும். அப்புறம் கத்தி, சண்டை போட்டு, ரூல் மாறுச்சு. இப்ப ரெண்டு பக்கமும் ஒரு தடவையாவது பந்து வரும். அதுக்கு அப்புறமும் சமமா இருந்தா, அடுத்து யார் புள்ளி எடுக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.

கீன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, யார் கூட இருந்து பாத்துக்கறதுன்னு ரோஸ்லினுக்கும் தம்பி வேய்னுக்கும் பேச்சு வந்திருக்கு. ரெண்டு பேருக்கும் குடும்பம் இல்ல, ரெண்டு பேருக்கும் வெளியூர்ல வேலை கிடைச்சிருந்துச்சு. முதியோர் இல்லத்துக்குச் செத்தாலும் போகமாட்டேன்னு கீன் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டார். வேய்ன்தான் சொன்னானாம், "சண்டை வேண்டாம் ரோஸ், ஓவர்டைம் மாதிரி பண்ணிக்கலாம்." காசைச் சுண்டினான். தலை கேட்டான், தலை விழுந்துச்சு. அரிசோனா போயிட்டான். அங்க ஏசி விக்கிறான், வெயில்ல நல்லா கறுத்திருக்கான், வருஷத்துக்கு ஒரு தடவை ஜனவரியில வந்து கோழி இறக்கை சாப்பிட்டுட்டுப் போவான். ரோஸ்லின் பதினோரு வருஷமா இங்கயேதான். பகல்ல ஒரு நர்ஸ் அம்மா வருவாங்க, இவங்க வேலை முடிஞ்சு வந்ததும் அவங்க கிளம்பிடுவாங்க. ஒரு ராத்திரி கூட இவங்க வெளிய தங்கினதில்ல.

இந்த வருஷம் ஜனவரியில, வாசல்ல நானும் ரோஸ்லினும் பனி தள்ளிட்டு இருந்தோம். சட்டுனு மண்வெட்டியை ஊனிட்டு நின்னாங்க.

"கண்ணு, யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு ஏரிக்கப்பல்ல சமையல் வேலை கிடைச்சிருக்கு."

"என்னது!"

"இரும்புத்தாது ஏத்திட்டுப் போற கப்பல். மார்ச்ல ஏரிப் பனி உடைஞ்சா கிளம்பும், மறுபடி உறையற வரைக்கும் ஓடும். ஒரு சீசன். திங்கக்கிழமைக்குள்ள வரேன் வரலன்னு சொல்லணும்."

எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு! கடல் மாதிரி கிடக்கற எங்க ஊர் ஏரித் துறைமுகத்துல சின்ன வயசுல இருந்து நின்னு பாத்த கப்பல்களாம். மருத்துவப் பரிசோதனை, அனுமதி அட்டை எல்லாம் யாருக்கும் தெரியாம முடிச்சு வச்சிருந்தாங்க. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அந்த ஒரு சீசன் வேய்ன் வந்து அப்பாவைப் பாத்துக்கணும்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் கேக்கறேன். ஜெயிச்சா நல்ல மனசோட இருப்பான். திங்கக்கிழமை காலையில அவனுக்கு ஃபிளைட்."

"தோத்தா?"

"வாயை மூடு கண்ணு. பல்லுல பனியைப் போட்டுடுவேன்."

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவரவர் இடத்துல உக்காந்தோம். கீன் சக்கர நாற்காலியில, வேய்ன் சோபா இடது ஓரத்துல, நான் ஹீட்டர் பக்கத்து ஸ்டூல்ல. ரோஸ்லின் பியரோகிங்கற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வெண்ணெய்ல வதக்கித் தட்டுத் தட்டா கொண்டு வந்துட்டே இருந்தாங்க. வேய்ன் இறக்கையைக் கடிச்சுக்கிட்டே ஆரம்பிச்சான்.

"இந்தப் புது ரூல் இருக்கே, சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஆளாளுக்கு ஒரு முறையாம்! இது என்ன, பிறந்தநாள் விழாவா? பந்து வேணும்னா தடுத்து வாங்கு. டிஃபென்ஸும் ஆட்டம்தானே?"

"தடுக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிடுதேடா," ரோஸ்லின் சொன்னாங்க.

"டாஸ்னா பாதிக்குப் பாதி. இதைவிட நியாயம் என்ன இருக்கு, சொல்லு?"

"டாஸ் நியாயம்தான்டா. அதுக்கு அப்புறம் நடக்கறதுதான் நியாயமில்ல."

அவன் சாஸைத் தேடிட்டு இருந்தான். காதுல வாங்கினானான்னு தெரியல.

ஆட்டம் இழுத்துக்கிட்டே போய் கடைசியில சமம். ஓவர்டைம்! கீன் மெதுவா தலையைத் திருப்பி நிலவறைக் கதவைப் பாத்தார், அவ்வளவுதான். ரோஸ்லின் கையைத் துடைச்சுட்டு, அவங்களாவே கதவைத் திறந்து, அவங்களாவே இறங்கிப் போனாங்க. வேய்ன் போய் கொக்கியை மாட்டிட்டு ஓடி வந்து அதே இடத்துல உக்காந்தான். அந்தக் கொக்கிச் சத்தம் என்னவோ பண்ணுச்சு எனக்கு. எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அன்னைக்கு அவங்க மனசுல எதோட இறங்கினாங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாஸ் தோத்தோம். எதிர் டீம் பந்தை எடுத்து, நிறுத்தாம ஓடி, டச்டவுன். கீன் அடிவயித்துல இருந்து ஒரு முனகல் விட்டார் பாருங்க! வேய்ன் சோபாவை ஓங்கிக் குத்தினான்.

கீழ இருந்தவங்களுக்கு இதுதானே பழைய அடையாளம்? ரூல் மாறினது அவங்களுக்கும் தெரியும், ஊரே மாசக்கணக்குல அதைத்தானே பேசுச்சு. ஆனா காது பழசுதான். முடிஞ்சதுன்னு நினைச்சுட்டாங்க. படியேறி வந்து கதவைத் தட்டினாங்க.

"போச்சா? சரி விடுங்க. டேய் வேய்ன், கொக்கியை எடு."

அப்ப எங்களுக்குப் பந்து வந்துடுச்சு! முதல் ஓட்டத்துலயே நல்ல தூரம் போயிட்டோம். எப்படி அசைவான்?

"இரு ரோஸ்!"

"என்னடா இரு? தொற. உன்கிட்டப் பேசணும்."

நான் ஸ்டூல்ல இருந்து பாதி எந்திரிச்சேன்.

"மாடிவீடு!" கீன் கத்தினார். "உக்காரு!"

டக் டக்னு தட்டல். அப்புறம் கையை விரிச்சு பொத் பொத்னு அடி. "பாய்லர் புகை அடிக்குது, தொறங்கடா!" டிவியில எங்க ஆளு இன்னொரு பத்து கஜம் ஓடறான். வேய்ன் திரையில இருந்து கண்ணை எடுக்காம, "நீ அங்க இருக்கறதாலதான், ரோஸ், நம்ம ஆளு ஓடறான், அப்படியே இரு!"ன்னு கெஞ்சறான். சத்தியமா சொல்றேன், அவன் கெட்டவன் இல்ல. அவன் அதை நம்பறான். நாங்க எல்லாருமே நம்பறோம்.

தட்டல் நின்னுடுச்சு. கொஞ்ச நேரத்துல வாசக்கதவு திறந்துச்சு. நிலவறையில இருந்து பின்பக்கத் தோட்டத்துக்கு ஒரு சாய்வுக் கதவு உண்டு. மேல கிடந்த பனியை முதுகால முட்டித் தள்ளி வெளிய வந்து, வீட்டைச் சுத்தி, வீட்டுச் செருப்போட முழங்கால் பனியில நடந்து வந்திருக்காங்க! முடியெல்லாம் வெள்ளை. கை ரெண்டும் சிவப்பு.

"கீழ போ!" வேய்ன் அலறினான். "நம்மகிட்ட பந்து இருக்கு! இன்னும் முடியல!"

"நம்மகிட்டயா?"

"புது ரூல்! கீழ போ ரோஸ், உன் கால்ல விழறேன்!"

அவங்க திரையைப் பாத்தாங்க. எங்க நிறம், எங்க பந்து. அவங்க பாக்கற முதல் ஓவர்டைம்! போய் சோபா நடுவுல, வேய்ன் பக்கத்துல உக்காந்துட்டாங்க.

"போகமாட்டேன்."

அடுத்த ஓட்டத்துலயே டச்டவுன் போட்டோம்! நானும் ரோஸ்லினும் கட்டிப்பிடிச்சுக் கத்தினோம், அவங்க செருப்புல இருந்த பனி எல்லாம் என் சாக்ஸுல. மறுபடி சமம். ஆனா வரிசைப்படி அடுத்து பந்து எதிர் டீமுக்குத்தான். எங்க பையங்க தடுத்தாங்க, நிஜமாவே தடுத்தாங்க, ஆனா தூரத்துல இருந்து ஒரு உதை, கம்பத்துக்கு நடுவுல போயிடுச்சு, அதுக்கும் புள்ளி உண்டு. தோத்தோம்.

வேய்ன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைச்சான்.

"நீ மேல வந்தே," வேய்ன் சொன்னான்.

"வந்தேன். நம்ம கையிலயும் பந்து வந்துச்சுல்ல? அதுக்கு அப்புறம் தோத்தா தோத்துட்டுப் போறோம்."

அந்த மூச்சுலயே கப்பல் விஷயத்தைச் சொல்லிட்டாங்க. கப்பல், மார்ச், ஒரு சீசன், நாளைக்குப் பதில் சொல்லணும். வேய்ன் முகம் ஆட்டம் தோத்ததை விட மோசமா ஆச்சு.

"ரோஸ், நான் பாலைவனத்துல ஏசி விக்கிறவன். கோடைதான் எனக்குச் சோறு. கோடையில போய் கேக்கறியே?"

"எந்தக் கோடையில கேட்டா தருவே?"

"நான் நியாயமாத்தானே போனேன்? நீயும் ஒத்துக்கிட்டுத்தானே டாஸ் போட்டோம்!"

"ஒத்துக்கிட்டேன். இத்தனை வருஷமா நான் டிஃபென்ஸ் மட்டும்தான்டா ஆடறேன். ஒரே ஒரு சீசன்தான் கேக்கறேன்."

வேய்ன் பாக்கெட்டுல கையை விட்டான். காசு. "சரி. மறுபடி சுண்டுவோம். தலையா பூவா, நீயே கேளு. இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?"

என் மனசுல ஒரு நொடி "சரின்னு சொல்லிடுங்க"ன்னு தோணுச்சு. பாதி வாய்ப்பாவது கிடைக்குமே! அவங்க அந்தக் காசைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் அவன் விரலை ஒவ்வொண்ணா மடக்கி, கையை மூடிவிட்டாங்க.

"டாஸ் எல்லாம் முடிஞ்சுதுடா. உன் முறை வந்து போயிடுச்சு."

கீன் அதுவரைக்கும் அணைச்ச டிவியையே பாத்துட்டு இருந்தார். பாதி வாயால, "கப்பல்ல... டிவி இருக்குமா?"ன்னார்.

"இருக்கும்பா."

"ஓவர்டைம் வந்தா... எஞ்சின் அறைக்குப் போயிடு."

சம்மதம் மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. ரோஸ்லின் சிரிக்கவும் இல்ல அழவும் இல்ல, தட்டுகளை எடுத்துட்டு அடுப்பங்கரைக்குப் போனாங்க. வேய்ன் பெட்டி கட்டப் போயிட்டான்.

திங்கக்கிழமை காலையில நான் பாதை ஒதுக்க இறங்கி வந்தேன். வாசல்ல டாக்ஸி வந்து நிக்குது. கதவு திறந்தே இருந்துச்சு. வேய்ன் கோட்டு போட்டு, கையில பெட்டியோட வாசல்படியில. ரோஸ்லின் அடுப்பங்கரை மேஜையில போனைக் காதுல வச்சிருந்தாங்க. யாரோ அந்தப் பக்கம் காத்திருக்கச் சொல்லியிருக்காங்க போல, பாட்டு ஓடற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவங்க விரல் மேஜையை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு.

"குபியாக் பேசறேன்," திடீர்னு நிமிர்ந்து உக்காந்தாங்க. "சமையல் வேலைக்கு. ஆமா. வரேன்."

ஒரே வார்த்தை! வச்சிட்டாங்க. தம்பியைப் பாத்தாங்க. தம்பி அவங்களைப் பாத்தான். டாக்ஸிக்காரர் ஹாரன் அடிச்சார்.

"ரோஸ், அப்ப... யார்தான்..."

அவன் முடிக்கல. உள் அறையில இருந்து கீன் கத்தினார். காலையில அவரை பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போற நேரம். தினமும் அந்தக் குரலுக்கு ரோஸ்லின் எந்த வேலையில இருந்தாலும் எந்திரிச்சு ஓடறதை நான் மாடியில இருந்தே கேட்டிருக்கேன். அவங்க தோள் அசைஞ்சுது. பழக்கத்துல அதுவா அசைஞ்சுது. ஆனா எந்திரிக்கல. ரெண்டு கையாலயும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மூச்சு வேகமா போச்சு வந்துச்சு. கண்ணு ரெண்டும் தரையில.

கீன் மறுபடி கத்தினார். ஹாரன் மறுபடி அடிச்சுது. வேய்ன் தெருவைப் பாத்தான், உள்ள பாத்தான், தெருவைப் பாத்தான். பொறியில மாட்டின மாதிரி இருந்துச்சு அவன் முகம். எனக்குப் பாவமாவும் இருந்துச்சு.

பெட்டியைக் கீழ வச்சான். கோட்டைக் கூட கழட்டாம உள்ள போனான்.

ஏதோ இடிபடற சத்தம். "இந்தக் கையைப் பிடிடா முட்டாள், அந்தக் கை இல்ல!"ன்னு கீன். "சரிப்பா, சரிப்பா!"ன்னு வேய்ன். தண்ணி விழற சத்தம். அப்புறம் பாத்ரூமுக்குள்ள இருந்தே மூச்சிரைக்க ஒரு குரல் வந்துச்சு.

"ரோஸ்... மார்ச்ல எந்த வாரம்?"

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் வெளிய போய் டாக்ஸிக்காரரை அனுப்பிட்டு வந்தேன்.