ஒரு வருடப் படிப்பும் இரண்டு வெள்ளைப் பூக்களும்

சாமி முன்னால் நான் ஒரே ஒரு தடவைதான் ஏமாற்று வேலை செய்திருக்கிறேன். அதை எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது ஏழாம் வகுப்பு வரை, அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து கோயில் பஜனைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மட்டாஞ்சேரியில் தெருக்களுக்குக் குடிதண்ணீர் வால்வு திறந்து அடைக்கிற வேலை எனக்கு. முப்பது வருடம் செய்து ஓய்வு பெற்றேன். ஒரே மகள். அவள் எர்ணாகுளத்தில் டிகிரி முடிக்கும் சமயத்தில் என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டது. வாரம் மூன்று நாள் அக்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மகள் காலேஜுக்குப் போகும் படகிலேயே நாங்களும் போவோம். அவள் அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, போர்வையைக் காலில் சொருகிவிட்டு வகுப்புக்கு ஓடுவாள். திரும்பும்போது மூன்று பேரும் சேர்ந்தே வருவோம்.

மேல்படிப்புக்கு அவளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்தது. ஒன்று எர்ணாகுளத்தில், இரண்டு வருடம். மற்றது பெங்களூரில். அதே எம்.எஸ்ஸி.யை அங்கே ஒரே வருடத்தில் முடித்துவிடலாம். கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்த ஏதோ படிப்பு, பேர் எனக்கு இன்றுவரை வாயில் வருவதில்லை.

மகள் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு கிழித்தாள். இந்தப் பக்கம் ஒரு வருடம், அந்தப் பக்கம் இரண்டு வருடம். மலையாளத்தில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு வருடம் என்றால் சீக்கிரம் வேலை கிடைக்கும். ஆனால் ஓணத்துக்கும் லீவு கிடையாது, மூன்று வாரத்துக்கு ஒரு பரீட்சை. ஒரு பரீட்சை தவறினால் அடுத்த வருடத்துப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். இரண்டு வருடம் என்றால் தினமும் வீட்டுக்கு வரலாம், படித்தது மனதில் தங்கும்.

"ரெண்டும் ஒரே சோறுதான்ப்பா. அங்க போனா சாப்பிட பாதி நேரம்தான் கொடுப்பாங்க. வாயில திணிச்சுக்கணும்" என்றாள்.

மனைவி கட்டிலில் இருந்தபடி சொன்னாள்: "திணிச்சுக்கோடி. நீ பட்டம் வாங்கறத நான் பாக்கணும். ஒரு வருஷம்னா பாத்துருவேன். ரெண்டு வருஷத்துக்கு என்னால உறுதி சொல்ல முடியாது."

"அம்மா, இப்படிப் பேசினா நான் எங்கயும் போகல. மீன் விக்கப் போறேன்."

"உன் குரலுக்கு மீன் ஓடிப் போயிரும்."

சிரித்தார்கள். ஆனால் ஒரு வாரம் ஆகியும் முடிவாகவில்லை. மகளுக்கு அம்மாவை விட்டுப் போக மனமில்லை. மனைவிக்கு மகள் தன்னால் நின்றுபோவதில் மனமில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தாளை வைத்து நிறுத்துப் பார்க்கிற அறிவு எனக்கு இல்லை. "முருகன்கிட்ட கேப்போம்" என்றேன்.

எங்கள் வீட்டில் பெரிய காரியத்துக்கெல்லாம் பூ போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் மடித்து, நூல் கட்டி, படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட வேண்டும். கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வந்ததோ அது சாமி வாக்கு. மற்றதைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சிவப்பு வந்தால் எர்ணாகுளம், வெள்ளை வந்தால் பெங்களூர் என்று பேசிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். நந்தியாவட்டை நிறையப் பூத்திருந்தது. செம்பருத்தியில் அன்றைக்கு ஒரே ஒரு பூ. அதன் காம்பில் கை வைத்தேன். மனைவி சொன்னதுதான் காதில் கேட்டது, ஒரு வருஷம்னா பாத்துருவேன். கையை எடுத்துக்கொண்டேன். இரண்டு நந்தியாவட்டையைப் பறித்து இரண்டு இலையிலும் மடித்தேன். தப்பு என்று தெரியும். ஆனாலும் செய்தேன்.

மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அம்மாவின் தலையில் வைத்துவிட்டு, "சரி, போறேன்" என்றாள். மற்றப் பொட்டலத்தை நானே படகு ஜெட்டிக்குக் கொண்டுபோய்க் காயலில் விட்டேன்.

அவள் போன பிறகு படகில் நாங்கள் இரண்டு பேர். காலில் போர்வை சொருகுவது என் வேலையாயிற்று. எனக்கு அது சரியாக வராது. மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள், காலால் இழுத்துச் சரிசெய்துகொள்வாள். மகள் தினமும் கூப்பிடுவாள். பேச்சு வர வரச் சுருங்கியது. "சாப்டாச்சு, க்ளாஸ் இருக்கு, வெக்கறேன்." ஒன்பது மாதத்தில் இரண்டு தடவை வந்தாள். வந்த இரண்டு தடவையும் மடியில் லேப்டாப் இருந்தது.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மனைவி திடீரென்று கேட்டாள். "ரெண்டுலயும் வெள்ளைதானே வெச்சீங்க?"

நான் குனிந்து அவள் காலில் போர்வையைச் சொருகினேன்.

"அன்னிக்குச் செம்பருத்தில ஒரு பூதான். சாயங்காலம் பாக்கறேன், அது செடியிலயே இருக்கு. முப்பது வருஷம் ஊருக்குத் தண்ணி தொறந்து அடைச்ச மனுஷன், ஒரு பொய்ய அடைக்கத் தெரியல."

"சாமி குத்தமாயிருமோ?" என்றேன்.

"எனக்காகத்தானே செஞ்சீங்க. எம்மேல எழுதட்டும்." அப்படிச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மகள் பெங்களூர் போன ஒன்பதாம் மாதம் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்தில் குழாய் போட்ட இடத்திலிருந்து ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். அந்த வாரம் மகளுக்குப் பரீட்சை, சனிக்கிழமை முடியும். "அதுக்கு முன்னால அவளைக் கூப்பிடாதீங்க. இத்தனையும் பாழாயிரும்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நானும் சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள், இரண்டு நாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டாள்.

மகள் மறுநாள் காலை வந்து சேர்ந்தாள். பரீட்சை எழுதவில்லை. அம்மாவின் காலில் போர்வையைச் சொருகினாள். எடுத்துக்கொண்டு போகும் நேரத்தில் அது எதற்கு என்று யாரோ கேட்டார்கள். நான்தான் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அம்மா சாவு என்பதால் தவறிய பரீட்சையைப் பிறகு எழுத அனுமதி கொடுத்தார்கள். ஆனால் பத்தாம் நாளே கிளம்ப வேண்டியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்தை நான் தனியாகச் செய்தேன். கிளம்பும்போது அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க மனசு விடாதீங்கப்பா. சாமி சொன்ன வழி. நம்ம கையில இல்ல." அதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பட்டம் வாங்கிய அன்று நான் பெங்களூர் போனேன். மனைவியின் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அதை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

முதல் திதிக்கு மகள் வந்தாள். இப்போது அவளுக்குப் பெங்களூரில் வேலை. இங்கே எர்ணாகுளம் பக்கம் காக்கநாட்டிலும் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது, சம்பளம் குறைவு, ஆனால் என்னோடு இருக்கலாம். படையல் எடுத்துவைத்த பிறகு, "பூ போட்டுப் பாக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நந்தியாவட்டை, பறிக்காமல் விட்ட செம்பருத்தி, அம்மாவுக்குத் தெரிந்தது, எல்லாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. படையல் இலையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள். "ஒரு வருஷம் மிச்சம் பிடிச்சோமில்லப்பா? அது இப்ப எங்க இருக்கு?"

அவளோடு டிகிரி படித்த பிள்ளைகள் அந்த எர்ணாகுளம் காலேஜுக்கு இன்னும் காலைப் படகில்தான் போகிறார்கள். படகு ஜெட்டிப் பக்கம் போனால், "அங்கிளே, அவ எப்ப வருவா?" என்று கேட்கிறார்கள். அங்கே சேர்ந்திருந்தால் அவளும் இன்னும் படித்துக்கொண்டுதான் இருப்பாள். அம்மாவின் கடைசி ஒன்பது மாதமும் அவள் கையில் இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மகள் பின்பக்கம் போய் அவளே பூப் பறித்து, இலையில் மடித்துக் கொண்டுவந்தாள். "சாமிகிட்ட ஒரு தடவையாவது நேரா கேக்கணும். நீங்க எடுங்கப்பா" என்றாள். நான் கும்பிட்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளை. பெங்களூர்.

வழக்கப்படி மற்றதைத் தண்ணீரில் விடக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. நூலை அவிழ்த்து, இலையைப் பிரித்து, உள்ளே இருந்த செம்பருத்தியை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"பாத்துக்கோங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பூவை அம்மா படத்தின் முன்னால் வைத்துவிட்டு, பையை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.