வெள்ளைத் துண்டு கட்டிய வாசல்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் அக்காவுக்கு மேசை கிடையாது. மாதத்தில் இருபது நாள் தெருவில் திரிபவருக்கு மேசை எதற்கு என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். வந்தால் என் மேசை ஓரத்தில் நோட்டை விரித்துக்கொள்வார். மேட்டுக் குடியிருப்பின் நான்கு தெருக்களிலும் பதினேழு வருடமாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். எந்த நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி, எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மேட்டுக்குப் பின்னால் காடு. கீழே இறங்க ஒரே சாலை. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஓரங்கட்ட வேண்டும். மூன்று கோடைக்கு முன்பு காட்டுத்தீ முதல் தெருவின் வேலிவரை வந்து, காற்று திரும்பியதால் நின்றது. அன்றைக்கு ஏறுகிற காரும் இறங்குகிற காரும் நடுச்சாலையில் முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் அக்கா திட்டம் போட உட்கார்ந்தார். யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை.

அவர் சொல்லச் சொல்ல நான் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் தட்டச்சு செய்தேன். முதல் பிரதியைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு? பக்கத்து வீட்டுக்காரி சொல்ற மாதிரி எழுது. அப்பத்தான் கேப்பாங்க."

திட்டம் எளிமையானது. முதல் சங்கு ஊதினால் மூட்டை கட்ட வேண்டும். இரண்டாவது சங்குக்குக் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு சாலையில் இறங்க மட்டும்தான் அனுமதி, யாரும் மேலே ஏறக்கூடாது. நடக்க முடியாத பதினோரு பேருக்கும் தூக்கிப்போக ஆளும் வண்டியும் பெயர் போட்டு ஒதுக்க வேண்டும். வீட்டில் கடைசி ஆளும் கிளம்பியதும் வாசல் கேட்டில் ஒரு வெள்ளைத் துண்டு கட்ட வேண்டும். துண்டு இருக்கும் வீட்டில் தீயணைப்புக்காரர்கள் நேரத்தை வீணாக்காமல் அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த முதல் கூட்டத்தில் அக்காவைக் கிண்டல் செய்து தீர்த்தார்கள்.

"துண்டு கட்டினா வீட்டுல ஆள் இல்லேன்னு திருடனுக்கு நாமளே சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"திருடனுக்கும் ஒரு வண்டியில சீட்டு போட்டிருக்கேன். ஏறிக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து தச்சர் எழுந்தார். அக்காவின் கூடப்பிறந்த அண்ணன், மேல் தெருவில் பட்டறை வைத்திருப்பவர். "என் தங்கச்சி வெயில்ல அலைஞ்சு எழுதினது இது. சிரிக்கிறவங்க இதைவிட நல்லதா ஒண்ணு கொண்டு வாங்க, நான் உட்கார்றேன்" என்றார். அன்று மாலைக்குள் பதினோரு பெயருக்கும் ஆள் கிடைத்தது. மேல் தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருந்த கணக்கு டீச்சரைத் தன் வேனில் கொண்டுவருவதாகத் தச்சரே எழுதிக் கொடுத்தார்.

டீச்சருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. நாற்காலியோடு வேனில் ஏற்றத் தச்சர் ஒரு சாய்வுப் பலகை செய்தார். மூன்று முறை ஒத்திகை பார்த்தார்கள். முதல் முறை நான் கடிகாரத்தோடு நின்றேன்.

"எண்பது கிலோ இருக்கேன். உங்க அண்ணன் இடுப்பு பிடிச்சுக்கிட்டா அவரைத் தூக்க யாரும்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"அவனை விட்டுட்டு உங்களை மட்டும் கொண்டுவரச் சொல்லிடறேன் டீச்சர்" என்றார் அக்கா. ஆறு நிமிடத்தில் ஏற்றினார்கள். அந்த வாரம் முழுக்க அக்காவின் பேச்சில் அண்ணன்தான்.

இந்தக் கோடையில் தீ வந்தது. மதியம் ஒன்றரைக்கு முதல் சங்கு, இரண்டேகாலுக்கு இரண்டாவது. அக்கா சாலை முக்கில் பட்டியலோடு நின்றார். நான் கீழே பள்ளிக்கூட மண்டபத்தில் வந்தவர்களுக்கு டிக் போட்டேன். பதினோரு பேரைத் தூக்க வேண்டியவர்களில் பத்துப் பேரை அக்கா போனில் கூப்பிட்டு, ஆளை ஏற்றியாயிற்றா என்று இரண்டு முறை கேட்டார். தச்சரிடம் ஒரே முறை.

"டீச்சர் விஷயம் முடிஞ்சுது. துண்டும் கட்டியாச்சு, நீ மத்தவங்களைப் பாரு" என்றாராம் அவர்.

மூன்று மணிக்கு அக்கா முக்கைத் தீயணைப்பு ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்தார். என் பட்டியலில் ஒரு பெயருக்கு மட்டும் டிக் இல்லை. அதைக் காட்டினேன்.

"அண்ணன் வேன்ல வர்றாங்க. கூட்டத்துல மெதுவா வருது போல" என்றார். குரலில் துளி சந்தேகமில்லை.

ஐந்து நிமிடத்தில் வேன் வளாகத்துக்குள் நுழைந்தது. முன்சீட்டில் தச்சரின் மனைவி, அக்காவின் அண்ணி. பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று உயரமாக இருந்தது. அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்து தார்ப்பாயை இழுத்தார். இரம்ப இயந்திரம், இழைப்பு இயந்திரம், அவற்றுக்கு அடியில் அந்தச் சாய்வுப் பலகை.

"டீச்சர் எங்கே?"

தச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டாவது டிரிப்ல கூட்டிட்டு வந்துடலாம்னு... பத்து நிமிஷத்துல வர்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். முக்குல மேல விட மாட்டேங்குறாங்க."

"விட மாட்டாங்க. விடக்கூடாதுன்னு நான்தானே எழுதினேன். நீதானே படிச்சே?"

"கத்தாதே, எல்லாரும் பாக்குறாங்க."

"துண்டை எதுக்குண்ணா கட்டினே?"

அவர் தரையைப் பார்த்தார். "கட்டலேன்னா தீயணைப்புக்காரன் வந்து பாத்துட்டு உனக்குத்தான் போன் போடுவான். நீ கேள்வி கேப்பே."

அக்கா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தீயணைப்பு அதிகாரியைக் கூப்பிட்டு, கடைசி வீட்டின் கேட்டில் இருக்கும் துண்டு பொய், உள்ளே ஆள் இருக்கிறது என்றார். அந்த வாசலைத் தங்கள் வண்டி அரை மணிக்கு முன்புதான் தாண்டிப் போனதாக மறுமுனையில் சொன்னது எனக்கே கேட்டது. கேட்டில் துண்டைப் பார்த்து நிற்காமல் போயிருக்கிறார்கள்.

டீச்சரை உயிரோடு கொண்டுவந்தார்கள். செருப்பு மாட்டி, மடியில் பையை வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நாற்காலியில் காத்திருந்திருக்கிறார். புகை சூழ்ந்ததும் தரையில் விழுந்து, தவழ்ந்து குளியலறைக்குப் போய், ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறது. தச்சரின் பட்டறை எரியவில்லை. மேல் தெருவில் டீச்சர் வீட்டோடு சேர்த்து ஆறு வீடுகள் எரிந்தன.

நகரசபை அறிக்கை கேட்டது. யார் விடுபட்டார், ஏன் விடுபட்டார் என்று அதில் ஒரு பகுதி. அதைக் கொடுக்க வேண்டியதற்கு முந்தைய நாள் அண்ணி அலுவலகத்துக்கு வந்தார்.

"டீச்சர் வரமாட்டேன்னு அடம் பிடிச்சாங்கன்னு ஒரு வரி போட்டுடு. வயசானவங்க அப்படித்தானேன்னு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்களால இப்பப் பேசவும் முடியல. உங்க அண்ணன் தெருவுல தலைகாட்ட வேண்டாமா?"

"நீங்களும் வேன்லதான் இருந்தீங்க அண்ணி. ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

அண்ணி சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அக்கா என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒரு இடத்தில் மட்டும், "என்னோட அண்ணன்னு போடாதே. மேல் தெரு தச்சர்னு போடு" என்றார். இரண்டு மொழியிலும் அப்படியே அடித்தேன்.

அறிக்கை போன மறுநாள் தச்சரே வந்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அக்கா கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஊரே என்னைக் கொலைகாரனாப் பாக்குது. டீச்சர் உயிரோடதானே இருக்காங்க? இருபத்தஞ்சு வருஷ மெஷினு, அது போனா என் கை போன மாதிரி. மெஷினை முதல்ல ஏத்தணும்னு என்கிட்ட சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

"ரெண்டாவது சங்குக்கு முன்னாடியே டீச்சருக்கு வேற வண்டி அனுப்பியிருப்பேன். கீழே மூணு வண்டி காலியா நின்னுச்சு."

தச்சர் வேறு வழியில்லாதவர்போல, "உன் கூடப் பொறந்தவன்டி நான்" என்றார்.

"தெரியும்ணா. வேற யாரா இருந்தாலும் ரெண்டாவது தடவை போன் பண்ணியிருப்பேன்."

அவர் போன பிறகு அக்கா அடுத்த கோடைக்கான பட்டியலை எடுத்தார். டீச்சர் இப்போது கீழே, தன் மாணவி ஒருத்தியின் வீட்டில் இருக்கிறார். பட்டியலில் பத்துப் பெயர்கள்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கிப்போகிறவரின் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொன்னார்.

"அதுல என்ன தலைப்பு போடணும் அக்கா?"

"நேர்ல போய்ப் பாத்தவர்" என்றார்.