ஃபோல்டரைப் பூட்டி வைத்தவர்

மொன்ட்ரியாலில் நான் சர்க்யூட் போர்டு வரைந்த அலுவலகத்தில், எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்று முடிவு செய்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஜூலையிலும் கழுத்தில் மப்ளர். எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஒருநாள், எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் பாகங்களின் வரைபட ஃபோல்டரில் ஒரு கனெக்டரின் இரண்டு பின்கள் இடம் மாறிக் கிடந்தன. போர்டு அன்று மாலை தயாரிப்புக்குப் போக வேண்டும். திருத்த எனக்கு அனுமதி இல்லை.

“அண்ணா, அர்ஜென்ட். ஒரு நிமிஷ வேலை.”

“பொறும் தம்பி. மனேஜர் ஓம் எண்டு சொல்லட்டும்.” கண்ணாடியைத் துடைத்தார்.

“அவர் லீவு. என் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்து மாத்திக்கிறேன்.”

“அப்பிடித்தான் எல்லாரும் எடுக்கினம். பேந்து எது சரியான ஃபைல் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப நீங்களே மாத்துங்க!” என்று கத்தினேன்.

“எனக்கும் அனுமதி இல்லை. அதையும் நான்தான் எடுத்துவிட்டனான்.”

மறுநாள் மேலாளர் வந்த பிறகுதான் போர்டு போனது.

இப்போது வேறு அலுவலகம். இங்கே யாரும் எதையும் மாற்றலாம். காலையில் ஃபைலைத் திறந்து, “இதை யார் மாத்தினது?” என்று கத்தும்போதெல்லாம் எனக்கு, அன்றே சரியாகச் சொன்ன அந்த மப்ளர்க்காரர் மேல்தான் கோபம் வருகிறது.