சிலையடியில் தெய்வானை ரீச்சர் சொன்னது

தெய்வானை ரீச்சர் இறந்த செய்தி நான் வகுப்பில் நின்றபோது வந்தது. காலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று அவருடைய தங்கை அழைத்துச் சொன்னார். மத்தியானத்துக்குள் ரீச்சரின் படம் கைபேசிகளில் சுற்றத் தொடங்கியது. “சாந்தத்தின் உருவம்” என்று கீழே எழுதியிருந்தார்கள். அதைப் பகிர்ந்தவர்களில் சிலர், ஆசிரியர் அறையில் அவரோடு வருடக்கணக்காக முகம்கொடுத்துக் கதையாதவர்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உடையார்கட்டில் எங்கள் பாடசாலையில் ரீச்சர் சிங்களம் படிப்பித்தார். மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபத்தேழு இனக்கலவரத்தில் தொழிலாளரின் லயன் வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது பெற்றோரோடு வன்னிக்கு ஓடிவந்த சிறுமி. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், “எங்க ரீச்சர் இவ்வளவு வடிவாச் சிங்களம் பழகினீங்கள்?” என்று கேட்டார். “எங்கட லயனைக் கொளுத்தின ஆக்களின்ர பிள்ளையளோட விளையாடி” என்றார் ரீச்சர். எங்களவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய காதுபடத் “தோட்டக்காட்டார்” என்று இளக்காரமாகச் சொன்ன ஆசிரியை ஒருவர், பிறகு மகளின் கலியாணத்துக்கு அழைப்பிதழ் கொடுத்தார். ரீச்சர் அதைத் திறக்காமலே அவருடைய மேசையில் திருப்பி வைத்தார்.

அவருடைய ஒரே மகள் சுகந்தி. உயர்தரப் பரீட்சை எழுத இருந்தவள். போரின் கடைசி மாதங்களில், புதுக்குடியிருப்புப் பக்கம் பதுங்குகுழியொன்றில் ஷெல் விழுந்து இறந்தாள். போர் முடிந்தபின் அதற்குக் கிட்டவாகத்தான், குளத்தின் நடுவில், இராணுவத்தின் வெற்றிச் சின்னமாக ஒரு சிப்பாய்ச் சிலையைக் கட்டினார்கள்.

சில வருடங்களுக்கு முன் தெற்கிலிருந்து சிங்களப் பாடசாலையொன்றின் பிள்ளைகள் நல்லெண்ணப் பயணமாக வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களைச் சந்திக்க அந்தச் சிலையடியைத் தெரிவுசெய்தார் கல்வி அதிகாரி ஒருவர். மொழிபெயர்க்க ரீச்சர் போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. சுகந்தியின் கதை அந்த அதிகாரிக்கும் தெரியும்.

“ஏலாது எண்டால் சொல்லுங்கோ ரீச்சர், நான் கதைச்சுப் பாக்கிறன்” என்றேன்.

“ஏன் ஏலாது? வாறன் சேர். அவையள் என்ன சொல்லினம் எண்டு கேப்பம்.”

பாறைபோலக் கட்டிய சீமெந்துக் குவியலிலிருந்து கிளம்பும் மிகப் பெரிய சிப்பாய். ஒரு கையில் துவக்கு, மறு கையில் கொடி. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து நோகும். அப்படி நோகவேண்டும் என்றே கட்டியிருக்கிறார்கள். அன்றும் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நின்றன. குடும்பம் குடும்பமாகச் சிலைக்கு முன்னால் படம் எடுத்தார்கள். நிழலில் இருந்து சோற்றுப் பார்சல் அவிழ்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி ஒதுங்கி நின்றார்கள்.

இளம் சிப்பாய் ஒருவன் பாடமாக்கியதைச் சிங்களத்தில் ஒப்புவித்தான். ரீச்சர் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, “பொதுமக்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையாம். இது அவர் சொன்னது, நான் சரியாச் சொல்லிப்போட்டன்” என்றார். “இனி நான் சொல்லுறன். என்ர மகள் இஞ்சதான் செத்தவள். அவளின்ர பேர் சுகந்தி.”

அதோடு நிற்கவில்லை. தெற்கத்திப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, அதே குரலில், அதையே சிங்களத்தில் சொன்னார். சோறு தின்றுகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தச் சிப்பாய்க்கு, சாகும்போது சுகந்திக்கு இருந்த வயதுதான் இருக்கும். அதிகாரி ஓடிவந்து, “ரீச்சர், என்ன கதைக்கிறீங்கள்?” என்று அதட்டினார்.

“மொழிபெயர்க்கச் சொன்னீங்கள். ரெண்டு பக்கமும் மொழிபெயர்த்தனான்.”

பேருந்தடியில், தெற்கிலிருந்து பிள்ளைகளோடு வந்த ஆசிரியை ஒருவர் ரீச்சரின் கையைப் பிடித்து அழத் தொடங்கினார். ரீச்சர் கையை உருவிக்கொண்டு ஏறிவிட்டார். திரும்பும் வழியில், “பாவம், அவா மனசாரத்தானே அழுதவா?” என்றேன். கோபம் வந்தால் ரீச்சருக்குத் தோட்டத்துப் பேச்சு திரும்பிவிடும். “அழுவணும்னா அவங்க வீட்ல போய் அழட்டும் சேர். என் கையப் புடிச்சு அழுதா, நாந்தானே ஆறுதல் சொல்லணும்?” என்றார்.

விசாரணை வைத்தார்கள். முறைப்பாட்டில் அதிகாரியோடு எங்கள் ஆசிரியர்கள் சிலரும் கையெழுத்திட்டிருந்தார்கள். பாடசாலைக்குக் கெட்ட பேராம். “மன்னிப்புக் கேட்டால் இதோட முடிச்சுவிடலாம்” என்றார்கள். “எதுக்கு? அவள் சாகேல்லை எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ, நான் மன்னிப்புக் கேக்கிறன்” என்றார் ரீச்சர். புளியங்குளத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பாடசாலைக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை தினமும் விடியப் பேருந்தேறிப் போய்வந்தார். திருப்பி மாற்றித் தாருங்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

செத்தவீட்டில் அதே அதிகாரிதான் முதலாவதாக ஒலிவாங்கியைப் பிடித்தார். இரண்டு இனங்களுக்கும் பாலமாக வாழ்ந்தவர், எல்லாவற்றையும் மறந்தவர், எல்லோரையும் மன்னித்தவர் என்றார். முன்வரிசைக் கதிரைகளில் தலைகள் ஆடின. நான் எழும்பினேன்.

“இல்லை ஐயா. அவா ஒண்டையும் மறக்கேல்லை. ஒருத்தரையும் மன்னிக்கவும் இல்லை. உங்களையும்தான்.”

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அதிகாரி தொண்டையைச் செருமிவிட்டுத் தன் பேச்சைத் தொடர்ந்தார். சவப்பெட்டியடியில் இருந்த ரீச்சரின் தங்கை மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வாக்கியம். இடமாற்றம் வந்த அன்று, சிலையடியில் சொன்னதைச் சிங்களத்தில் சொல்லித்தரும்படி கேட்டேன். ‘என்ர மகள்’ என்ற இடத்தில் ‘ரீச்சரின்ர மகள்’ என்று மாற்றி, என் உச்சரிப்புச் சரியாகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். அந்த மொழியில் வணக்கம் சொல்லக்கூட எனக்குத் தெரியாது. தெற்கிலிருந்து வந்து, வீதியில் பேருந்தை நிறுத்திச் சிலைக்கு வழி கேட்பவர்களுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன்.