அப்பாவின் வேனும் என் கூறைப்புடவையும்

பெரிய நகரங்களில் இப்போது பார்சல்களைப் பெட்டி வைத்த சைக்கிளிலும் பேட்டரியில் ஓடும் வேனிலும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களாம். புகை கிடையாதாம், சந்துக்குள் நுழையலாமாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புப் படித்தவர்கள் கூடிக் கூடிப் பேசினார்களாம். பேப்பரில் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பேட்டரி சங்கதி எனக்குத் தெரியாது. பெட்டி வைத்த சைக்கிளைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கலாம். அது இல்லாவிட்டால் அன்றைக்கு என் கழுத்தில் தாலி ஏறியிருக்காது.

அப்பா பாலக்கரையில் பார்சல் ஆபீஸ் வைத்திருந்தார். வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கும் பெட்டி, மூட்டைகளைத் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் உரியவர் வீட்டில் சேர்ப்பது தொழில். அதற்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் மரப்பெட்டி, பின்னால் உட்கார்ந்து மிதிக்கும் வேலையாள் ஒருவர்; எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். ஆபீசில் அப்பா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கையெழுத்து வாங்காமல் பார்சலைக் கையை விட்டு விடக் கூடாது. "கையெழுத்து வாங்கிட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சது. அது வரைக்கும் அது நம்ம பிள்ளை மாதிரி" என்பார். சொந்தப் பிள்ளைகளிடம் அவ்வளவு அக்கறை காட்டியதாக எனக்கு நினைவில்லை.

இந்தச் சட்டத்தோடு ஸ்ரீரங்கத்துக்குப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குளித்து மடியாக இருக்கும் மாமி பார்சலைத் தொட மாட்டாள், பேனாவையும் தொட மாட்டாள். வாசல்படியில் வைக்கச் சொல்லி அதன் மேல் தண்ணீர் தெளிப்பாள். கும்பகோணத்திலிருந்து வந்த அப்பளக் கட்டுக்கும் அதே மரியாதைதான். நனைந்த அப்பளத்துக்கு யார் பொறுப்பு என்று பிறகு ஆபீசுக்கு ஆள் வரும். அண்ணன் அலட்டிக்கொள்ள மாட்டார். மாமா பூஜை முடித்து வந்து கையெழுத்துப் போடும்வரை பெட்டியின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். சைக்கிளுக்குக் காத்திருக்கத் தெரியும், பெட்ரோல் கேட்காது.

இதெல்லாம் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்ற ஆரம்பித்தது அறுபதுகளின் தொடக்கத்தில். மெட்ராசில் யாரோ ஓட்டித் தேய்த்த வேன் ஒன்றை வாங்கி வந்தார். நீல பெயிண்ட் அடித்து, ஆபீஸ் பெயரை இங்கிலீஷில் எழுதி, சுற்றிலும் தாமரைப்பூ வரைய வைத்தார். பட்டாளத்தில் ஜீப் ஓட்டியவர் டிரைவராக வந்தார். அவர் தொப்பி போடுவார், விறைப்பாக நிற்பார், பார்சலை மட்டும் தொட மாட்டார். ஆகவே தூக்குவதற்கு மீசை நரைத்த கிளீனர் ஒருவர். ஓர் அண்ணன் பார்த்த வேலையை இரண்டு பேர் பார்ப்பதற்குப் பெயர் முன்னேற்றம் என்று அப்பா எங்களுக்கு விளக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கம். தை மாதம், அங்கேயே ஒரு சத்திரத்தில் முகூர்த்தம். எங்களில் கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. தாம்பாளத்தில் வைத்து எல்லோரும் ஆசீர்வதித்த பிறகு பெண் அதை உடுத்தி வந்து உட்கார்ந்தால்தான் தாலி. மாமனார் காஞ்சிபுரத்தில் நெய்யக் கொடுத்து, வரப்போகிற சம்பந்தியின் ஆபீசுக்கே வியாபாரம் போகட்டும் என்று எங்கள் ஆபீஸ் வழியாகவே பார்சலில் வரவழைத்தார். பார்சல் நல்லபடியாக முன்கூட்டியே வந்துவிட்டது.

"அவங்க புடவை, அவங்ககிட்டயே இருக்கட்டும். இன்னிக்கே குடுத்தனுப்பிடுங்க" என்றாள் அம்மா.

"வேனோட முதல் டெலிவரியே அதுதான். கல்யாணத்தன்னிக்குக் காலையில மேளச் சத்தத்தோட சத்திரத்து வாசல்ல போய் நிக்கணும். நானே கதவைத் திறந்து எடுத்துக் குடுப்பேன். சம்பந்தி பாக்க வேணாமா?"

"கல்யாணம் உங்க பொண்ணுக்கா, வேனுக்கா?"

அப்பா பார்சலை வேனின் பின்பக்கம் வைத்து, சூடம் காட்டி, பெரிய பூட்டாகப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். சாவியை அடுத்தவர் கையில் கொடுக்கும் வழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

நாங்கள் முதல் நாள் சாயங்காலமே சத்திரத்துக்கு வந்துவிட்டோம்; வேனை டிரைவர் காலையில் பாலக்கரையிலிருந்து கொண்டுவருவதாக ஏற்பாடு. விடியற்காலை அண்ணன் வாழையிலைக் கட்டுகளையும் காய்கறியையும் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். "வண்டியைக் கொல்லைப்பக்கம் நிறுத்துப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல படவேணாம்" என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணன் தலையாட்டிவிட்டு வண்டியைச் சமையற்கட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். எனக்குச் சுருக்கென்றது.

வெயில் ஏறியது. வேன் வரவில்லை. நான் மாடி ஜன்னலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மாமனார் அப்பாவிடம் கேட்கும் குரல் கேட்டது. "பார்சல் வந்துச்சுங்களா, சம்பந்தி?" "வேன்ல வருதுங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "வந்துடுமுங்களா?" "வேனாச்சே சம்பந்தி, வந்துடும்." மூன்றாம் தடவை மாமனார் கேட்கவில்லை. புரோகிதர்தான் கேட்டார், அதுவும் முகூர்த்தம் எப்போது முடிகிறது என்பதைச் சேர்த்து. மாப்பிள்ளையின் பெரியம்மா, "முதல் காரியமே தடங்கல்" என்று யாரிடமோ சத்தமாகவே சொன்னாள். அந்த நேரத்தில் அப்பா என் முன்னால் வந்திருந்தால் மணப்பெண் என்றும் பார்க்காமல் நன்றாகக் கேட்டிருப்பேன்.

கடைசியில் கிளீனர் மூச்சிரைக்க ஓடிவந்தார். ஸ்ரீரங்கம் கோயிலில் தைத் திருவிழா. சுவாமி புறப்பாடு நடந்துகொண்டிருந்தது. வேன் பெருமாளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாம். பெருமாளை முந்திக்கொண்டு வண்டி விடும் துணிச்சல் ஸ்ரீரங்கத்தில் எவனுக்கு உண்டு? டிரைவர் இன்ஜினை நிறுத்தி, தொப்பியையும் செருப்பையும் கழற்றி, கைகூப்பி நிற்கிறாராம். பின்னாலும் கூட்டம் அடைத்துவிட்டது, திரும்பவும் வழியில்லை. பூட்டை உடைக்கலாமா என்றால், முதலாளி போட்ட பூட்டைத் தொட மாட்டேன் என்கிறாராம் டிரைவர்.

அப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது.

"சந்து வழியா போயிடலாம் முதலாளி. சாவியைக் குடுங்க" என்றார் அண்ணன்.

அப்பா கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் அப்பா இல்லை. ஒரு நிமிஷம் தெருவைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். பிறகு கொல்லைப்பக்கம் போனார்.

நான் மாடியிலிருந்து பார்த்தேன். பட்டு வேஷ்டியும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக, வாழை நார் ஒட்டிய மரப்பெட்டிக்குள் காலை மடித்து அப்பா உட்கார்ந்திருந்தார். அண்ணன் மணியடித்துக்கொண்டே மிதித்தார். கோலங்களுக்கு நடுவே வளைந்து, படுத்திருந்த மாட்டைச் சுற்றி, வண்டி சந்துக்குள் மறைந்தது. வேன் அந்தச் சந்தில் மூக்கை நுழைத்திருந்தாலும் மாட்டிக்கொண்டிருக்கும்.

அவர்கள் திரும்பி வந்தபோது கொல்லைப்பக்கம் போக நேரமில்லை. நேரே வாசலுக்குத்தான் வந்தார்கள். மடியில் பார்சலை அணைத்தபடி அப்பா பெட்டிக்குள் இருந்தார். மேளக்காரருக்கு என்ன தோன்றியதோ, கெட்டி மேளமே கொட்டிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். சம்பந்தி பார்க்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

நான் பொறுக்கமாட்டாமல் பாதிப் படி இறங்கிவிட்டேன். அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா பெட்டியிலிருந்து இறங்கி, வேர்வை வழிய மாமனாரிடம் பார்சலை நீட்டினார். அவர் வாங்கப் போகும்போது சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

யோசித்துச் சொன்னதில்லை, பழக்கம். பார்சலில் கட்டியிருந்த ரசீதையும் பேனாவையும் நீட்டியபடி நின்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமனார் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. சைக்கிள் பெட்டியின் மேலேயே ரசீதை வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் அப்பாவைப் பார்த்தார்.

"பொண்ணையும் எங்ககிட்டதான் ஒப்படைக்கிறீங்க. அதுக்கும் ஒண்ணு போட்டுத் தந்துடட்டுமா, சம்பந்தி?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பு வரவில்லை. படியில் நின்ற என்னை அப்போதுதான் பார்த்தார். அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. காலையிலிருந்து அவர் மேல் மூண்டிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வேணாங்க" என்று பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கையெழுத்து வாங்கிட்டா என் பொறுப்பு முடிஞ்சு போயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை என்னைப் புடவை மாற்ற மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.