இரண்டு கறுப்புத் திரைகள்

திருத்தணி பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது அக்காள் கணவர் போன் செய்தார். பள்ளிப்பட்டில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். முடிவுகளை அச்சிட நான் எழுதித் தந்த புரோகிராம், கரண்ட் போய் வந்த பிறகு பாஸ்வேர்டு இல்லையென்று நின்றுவிட்டதாம்.

“இங்க டெஸ்டுக்கு வந்த ஒரு கொழந்தைக்கு ஜுரம் விடல. பிளேட்லெட் எவ்ளோன்னு பக்கத்து கிளினிக் டாக்டர் கேட்டுகினே இருக்காரு.”

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் பாஸ்வேர்டை ஒரு மாறியாக, அதாவது ஒரு பெயரின் மதிப்பாக, வைத்தால்தான் அந்தப் புரோகிராம் ஓடும்; கரண்ட் போனதில் அது அழிந்திருந்தது. அதற்கான வரியை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

“அடிச்சிட்டேன். அதேதான் வருது.”

சமக்குறியைச் சுற்றி இடம் விட்டாரா என்று கேட்டேன். விடவில்லை. மாறியின் மதிப்பைக் காட்டச் சொன்னேன். சரியாகவே இருந்தது. போனில் குழந்தையின் அழுகை கேட்டது. என் பஸ் கிளம்பிப் போனது.

“பாவா, எத்தினி கறுப்புத் திரை தொறந்து வெச்சிருக்கீங்க?”

“ரெண்டு. ஒண்ணுல நீ சொல்றத அடிக்கிறேன், இன்னொண்ணுல புரோகிராம ஓட்டறேன்.”

ஒரு திரையில் வைத்த மாறி மற்றதற்குத் தெரியாது. மாறியை வைப்பதையும் புரோகிராமை ஓட்டுவதையும் ஒரே திரையில் செய்யச் சொன்னேன். அவர் கீபோர்டைத் தட்டும் சத்தம் போனில் கேட்டது. பிறகு பிரிண்டர் ஓடியது.

“டாக்டர்கிட்ட குடுத்துட்டு வரேன், லைன்லயே இரு.”

காத்திருந்தேன்.

“பிளேட்லெட் ரொம்பக் கொறையலயாம்மா. மருந்து எழுதினுகீறாரு,” என்றார். அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.